பிரேக் ஷிஃப்ட்டில் ஒரு ‘வேண்டாம்’

சுடலைமுத்து பஸ் ஏறுவதற்காக அந்த நிழற்குடையில் உட்கார்ந்திருக்கவில்லை. இது இளநீர்க்காரருக்குத் தெரியும், எதிரே மருந்துக்கடையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கண்டக்டர்கள் மட்டும்தான். ஒவ்வொரு பஸ்ஸும் அவன் முன்னால் கொஞ்சம் மெதுவாகும், படியிலிருந்து கண்டக்டர் “இன்னா தம்பி, ஏறுறியா?” என்பார், இவன் இல்லை என்று தலையாட்ட மாட்டான், பளிச்சென்று சிரித்து, அடுத்ததில் வருகிறேன் என்பது போல ஒரு கையை மட்டும் காட்டுவான், பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போகும். ஓட்டலில் மதியச் சாப்பாட்டு வேலை மூன்றரைக்கு முடிந்தால் ராத்திரிச் சாப்பாட்டு வேலை ஆறரைக்குத்தான். நடுவில் கிடக்கிற நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, இடமும் கிடையாது, பெயர் மட்டும் உண்டு, பிரேக். மேடவாக்கத்து அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் பிரேக் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். லாக்கர் அறையில் படுக்கலாம்தான், ஆனால் அங்கே ஏற்கெனவே எட்டுப் பேர் தரையில் கிடப்பார்கள், ஷூக்களின் வாடையும் எட்டுச் செல்போன்களின் இரைச்சலும் சேர்ந்து தலையை வலிக்கச் செய்யும். முன்பக்கம் வரவேற்பறையில் மெத்தைச் சோபாக்கள் வரிசையாகக் காலியாகத்தான் கிடக்கின்றன, ஆனால் ஊழியன் அதில் உட்கார்ந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். காலையில் முந்நூறு பேரை உட்காரச் சொன்னவனுக்கு உட்கார இந்த நிழற்குடைதான். மேலே பழைய டீ-ஷர்ட், கீழே கறுப்புப் பேன்ட், முகம் தெரிகிற மாதிரி துடைத்த கறுப்பு ஷூ. பாதி வேஷம் கலைத்த கூத்துக்காரன் மாதிரி இருக்கிறோம் என்று அவனே நினைத்துக்கொண்டான், நினைத்துவிட்டுச் செல்போனைப் பார்த்தான், அத்தை கூப்பிடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை பூரணம். முக்கூடலில் மகள் ஆவுடையோடு பீடி சுற்றுகிறாள். சாயங்காலம் பீடிக்கடையில் சரக்கை ஒப்படைத்துவிட்டு ஐந்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவிவிட்டுக் கூப்பிடுவாள். காலையிலேயே குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள், அதை அவன் தட்டுக் கழுவும் இடத்தில், எச்சில் முட்டைகளுக்கும் பாதி கடித்த பன்களுக்கும் நடுவே நின்று காதில் வைத்துக் கேட்டான். “மருமவனே, ஆவுடைக்கு ஒம் படிப்புதான் வேணுமாம். ஒம்பது லெச்சத்துக்குக் கடன் தாரோம், வீட்டுப் பத்திரத்தக் கொண்டாங்கன்னு பேங்குல கேக்காவ. நாளைக்குக் குடுக்கணும். எனக்கு என்னய்யா தெரியும், நீ அந்தப் படிப்பப் படிச்சவன், அஞ்சு மணிக்குக் கூப்புடுதேன், ஒரு வார்த்த சொல்லு. நீ சேருன்னா சேக்கேன், வேண்டாம்னா விட்டுருதேன்.” ஒரு வார்த்தை. அத்தைக்கு உலகத்தில் எல்லாமே ஒரு வார்த்தைதான். மாமா இறந்தபோதுகூட, எல்லோரும் என்னென்னவோ சொல்லிக் கதறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ‘போயிட்டாவளே’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மாமா விட்டுப்போனது அந்த வீடு ஒன்றுதான், முன்னறை, அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை. அந்த வீட்டைத்தான் நாளைக்கு ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போகிறாள், அதற்குத்தான் இவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சொல்வதற்கென்ன, கணக்கு கைவசம் இருக்கிறது. கேட்பவர் இல்லாததால் அதைத் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான், ஷவரில் நின்று சொல்வான், ஃபோர்க் துடைக்கும்போது சொல்வான். மூன்று வருஷ ஓட்டல் படிப்புக்கு ஆறரை லட்சம் வாங்கியது. படித்து முடித்தபோது அது எட்டு லட்சம். அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு மேசை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கப் பழகிக்கொண்டிருந்த மூன்று வருஷமும் வட்டி அதன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது என்பதை வங்கியில் அந்த அம்மாள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டிய அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள், கடன் நாம் தூங்கும்போதும் தின்னும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மாதம் பதினோராயிரம் தவணை, பத்து வருஷம். முதல் சம்பளம் பதினாலாயிரம். பதினாலில் பதினொன்று போனால் மிச்சத்தில் சென்னையில் ஒரு மனிதன் எப்படி வாழ்வது என்று கல்லூரியில் ஒரு பாடம் வைத்திருக்கலாம், ஒயின் கிளாஸை எந்த விரலால் பிடிப்பது என்று ஒரு பருவம் முழுக்க நடத்தினார்களே. இப்போது, நாலு வருஷம் கழித்து, சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து இருபத்துநாலாயிரம். கல்லூரி விளம்பரத்தில் போட்டிருந்த சம்பளம் கப்பலில் பரிமாறும் வேலைக்குப் போனவர்களுடையது. கப்பலுக்குப் போகலாம், அதற்கு ஏஜெண்ட் இன்னும் இரண்டு லட்சம் கேட்கிறான், ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கடன் கேட்டு அலைந்த கதைதான். இன்னும் ஆறு வருஷம். அதற்குள் முப்பத்திரண்டு வயதாகிவிடும், என்ன பெரிய வயது, ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஆறு வருஷத்துக்கு அப்பால் என்ன என்று நினைக்கப் போனால் அவன் புத்தி அங்கேயே நின்றுவிடும், கதவு பூட்டிய வீட்டு முன்னால் நிற்பது மாதிரி.

ஆகவே ‘வேண்டாம் அத்தை’. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் அவனிடம் இல்லை. முதல் வருஷமே அதைப் பிடுங்கிவிட்டார்கள். விருந்தினரிடம் ‘இல்லை’, ‘முடியாது’, ‘வேண்டாம்’ மூன்றும் கூடாது. மீன் தீர்ந்துபோனால் மீன் இல்லை என்று சொல்லாதே, இன்றைக்கு எங்கள் கோழி பிரமாதமாக வந்திருக்கிறது என்று சொல். வாய் தவறி யாராவது ‘நோ’ என்றால் அன்றைக்கு நூறு கிளாஸ் துடைக்க வேண்டும், சுடலைமுத்து ஏகப்பட்ட கிளாஸ் துடைத்தான், பிறகு பழகிக்கொண்டான், பழகியது எலும்புக்குள் போய்விட்டது. மேடவாக்கத்து அறையில் கூட இருப்பவன் இவன் சோப்பைத் தீர்த்துவிட்டு, எடுத்துக்கட்டுமாண்ணா என்று கேட்டால்கூட, நிச்சயமாக என்று சொல்லிவிட்டு வெறும் தண்ணீரில் குளிக்கிறான். போன தீபாவளிக்கு லீவு கேட்டபோது மேனேஜர், “சாம், நீ இல்லாம எப்படிப்பா?” என்றதும் சிரித்துவிட்டு வந்துவிட்டான். சாம் என்பது இவன்தான். சுடலைமுத்து என்ற பெயர் விருந்தினர் வாயில் நுழையாதாம், மார்புத் தகட்டில் சாம் என்று அடித்துக் கொடுத்தார்கள். ஊரில் ஆற்றங்கரைச் சுடுகாட்டோரம் அரிவாளோடு நிற்கிற சுடலைமாடனிடம் நேர்ந்து பிறந்த பிள்ளை, இங்கே இரண்டெழுத்தாகச் சுருங்கி, வெள்ளைக்கரு மட்டும் போட்டு ஆம்லெட் கொண்டுபோகிறது. இதை மாடன் பார்த்தால் அரிவாளைக் கீழே போட்டுவிடுவான். ஒருநாள் ஒரு வயசான வெளியூர்த் தம்பதி கிளம்பும்போது, சாம், உன்னால்தான் எங்கள் பயணம் நன்றாக இருந்தது என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் வேறு யாரோ ஒருவனுக்கு நல்லது நடந்ததைப் பார்க்கிற சந்தோஷம். அன்றைக்கு முழுக்க யோசித்துப் பார்த்தான், சுடலை என்று யாராவது கூப்பிட்டு எத்தனை நாளாகிறது.

பொய் சொல்லக் கூடாது, வேலை பிடிக்கத்தான் செய்கிறது. இதுதான் கணக்கில் இடிக்கிற இடம். சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால், ஆள் வராத சாப்பாட்டுக் கூடத்தில், எல்லா மேசையும் விரித்துக் கிளாஸெல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்போது ஒரு நிமிஷம் மூச்சுவிட்டு நிற்பான், கோவில் நடை திறப்பதற்கு முன்னால் மாதிரி இருக்கும். அதற்காக எட்டு லட்சமா? பிடிக்காத வேலையாக இருந்தால் அத்தையிடம் சொல்வது எவ்வளவு சுலபம். ஆவுடையும் அவனுக்கு இருக்கிற இந்தப் பிடிப்பைத்தான் கண்டிருக்கிறாள். பங்குனி உத்திரத்துக்குப் போயிருந்தபோது முன்னறையில் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள், விரல்கள் பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன, கண் மட்டும் சுவரில் சாய்த்து வைத்த செல்போனில், அதில் யாரோ கேக்குக்குப் பூப்பூவாகக் கிரீம் பிழிகிறார்கள். இவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. “முட்ட போடாமக் கேக் உப்புமா?” என்று கேட்டாள், பொதுவாக, காற்றைக் கேட்பது போல. அவள் அப்படித்தான் பேசுவாள். முறைப்பெண் என்றால் அப்படித்தான், வயசுக்கு வந்த நாளிலிருந்து இவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, அத்தான் என்பதற்கு வெட்கம், வேறு விதமாகக் கூப்பிட முறையில்லை, ஆகவே மொட்டையாகவே பேச்சு. இவன் தயிரும் சோடா உப்பும் சேர்த்தால் உப்பும் என்றான், எப்படி என்றாள், சொன்னான், அவள் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள், அந்தப் பெண்ணின் நகத்தடியில் புகையிலைத்தூள் இருந்தது. அவ்வளவுதான் பேச்சு. அந்த வருஷத்தில் அவன் தன் வாயால், தன் குரலில், இன்னொரு உயிரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அது ஒன்றுதான் என்பது சென்னைக்குத் திரும்பிய பிறகு, இதே நிழற்குடையில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

அங்கேதான் முள் மாட்டுகிறது. ‘வேண்டாம்’ என்று இவன் சொன்னால் அத்தை அதைக் கணக்காகவா கேட்பாள்? இவன் யார், முறைமாப்பிள்ளை. அத்தை ‘மருமவனே’ என்று கூப்பிடுவது வாய் வழக்கம்தான், தொட்டிலில் கிடந்தபோதே அப்படித்தான் கூப்பிட்டாள், ஆனால் சும்மா கிடக்கிற வழக்கம் என்றைக்கு எழுந்து நடக்கும் என்று யார் கண்டது. கடையத்தில் பெரியம்மா மகன் மூக்காண்டி ஒருதரம், தன் அத்தைமகள் நர்சிங் படிக்கப் போகிறாளாமே, நைட் டூட்டியெல்லாம் எதுக்கு என்று சும்மா கேட்டு வைத்தான், டீ குடித்துக்கொண்டே கேட்டான், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையாம் என்று பேச்சு அடுப்படி வழியாகப் போய்த் தெருவைச் சுற்றி வந்தது, அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் நின்றுபோனது, ஆவணியில் தாலி. மூக்காண்டி நல்லவன்தான், நன்றாகத்தான் வைத்திருக்கிறான். அவள் மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சேர் என்று சொன்னால் அத்தையின் வீடு போகும், வேண்டாம் என்று சொன்னால் ஆவுடையின் படிப்பு போய்த் தாலி வரும், இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான் போலிருக்கிறது. ஆனால், இது ஒரு ஆனால், இதை அவன் யாரிடமும் சொல்ல மாட்டான், அந்த இரண்டாவது முனை அவனுக்குச் சுடவில்லை. அதை நினைத்தால் இதமாக இருந்தது. மேடவாக்கத்தில் ஒரு சின்ன வீடு, வாசலில் இன்னொரு செருப்பு, பிரேக்கில் யாராவது கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பது. ஒன்றும் செய்ய வேண்டாம், வேண்டாம் அத்தை என்று நியாயமான ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். அவன் திடுக்கிட்டு ஷூவைப் பார்த்தான். ஷூவில் வானமும் நிழற்குடையின் ஓரமும் தெரிந்தன. சீச்சீ, என்ன நினைப்பு இது. பத்தொன்பது வயதுப் பெண், முட்டை போடாமல் கேக் உப்புமா என்று கேட்டாள், அவ்வளவுதானே கேட்டாள்.

செல்போன் அடித்தது. மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும், எடுப்பதற்கு முன்னால் சிரிக்க வேண்டும், சிரிப்பு குரலில் கேட்கும் என்பது படிப்பு, சிரித்துக்கொண்டே எடுத்து, “வணக்கம்…” என்று இழுத்தான்.

“ஏ மருமவனே, என்னய்யா ரேடியோப் பொட்டி மாரிப் பேசுத? நான்தான்.”

“சொல்லுங்கத்தை.”

“நீதான் சொல்லணும். பத்திரத்த எடுத்துப் பையில வச்சுட்டேன். இவ காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. சேக்கட்டுமா?”

நிச்சயமாக அத்தை என்று வாய் எழுந்தது, அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினான். ஒரு பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏதோ கேட்டார், பஸ் போயிற்று. அதன் இரைச்சல் அடங்கும்வரை அத்தை காத்திருந்தாள். “அத்தை, எனக்கு மாசம் இருபத்துநாலாயிரந்தான். அம்மா நாப்பதுன்னு சொல்லிருப்பா. நாப்பது இல்ல. அதுல பதினோராயிரம் கடனுக்குப் போயிருது, இன்னும் ஆறு வருசம் போவும். ஒங்களுக்கு ஒம்பது லெச்சம்னா அவ படிச்சு முடிக்கையில பன்னெண்டுகிட்ட வந்து நிக்கும். வீடு போயிரும் அத்தை. வேண்டாம்.”

சொல்லிவிட்டான். நாலு வருஷம் உள்ளே கிடந்த கணக்கு வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக, ஒரு மூச்சில் சொல்லி முடிகிறதாக இருந்தது ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பக்கம் அத்தை பெருமூச்சு விட்டாள், அந்தப் பெருமூச்சில் வருத்தம் இருக்கும் என்று காத்திருந்தான், அதில் வருத்தம் இல்லை.

“இத நீ முன்னாலயே சொல்லப்புடாதா? ஒனக்கு இஷ்டமில்லன்னா அவ எதுக்கு அங்க போயிப் படிக்கணும்? இருவத்துநாலு என்ன கொறச்சலா, ரெண்டு பேருக்குக் காணாதா? கடனும் சொமையும் எல்லார்க்கும் உள்ளதுதான். நான் நாளைக்கே அண்ணன்கிட்டயும் மதினிகிட்டயும் வந்து பேசுதேன். எம் மனசுல எத்தன நாளா கெடந்தது தெரியுமா, நீ பெரிய ஓட்டல்ல இருக்கவன், எங்கள நெனப்பியோ மாட்டியோன்னு இருந்தேன்.” குரல் உடைந்தது. பின்னால் பாத்திரம் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது, எறிந்த சத்தமில்லை, மெதுவாக வைத்த சத்தம், ஆவுடை அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

சும்மா இரு என்று அவனுக்குள் ஒன்று சொன்னது. சும்மா இருந்தால் போதும். யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை, அத்தைதான் கொடுக்கிறாள், அழுதுகொண்டே கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்வதுதான் மரியாதைக் குறைவு. அவள் நன்றாகத்தான் இருப்பாள். மூக்காண்டி வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்வது போல இவளையும் சொல்வார்கள், கேக்குப் பேச்சு வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அதை இவன் மட்டும் பார்ப்பான், தினமும் பார்ப்பான். பெரிய ஓட்டல் வாசலில் பழகிய சிரிப்போடு யார் யாரையோ வரவேற்றவன் தன் வாசலில் ஒரே ஒருத்தியையும் அதே சிரிப்போடு வரவேற்க வேண்டியிருக்கும். எதிரே மருந்துக்கடைப் பெண் பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். தனியாக இருப்பது அவனுக்குப் பயமாக இருந்தது, அதை அந்த நிமிஷம் ஒப்புக்கொண்டான், ரொம்பப் பயமாக இருந்தது.

“இல்ல அத்தை.”

“என்னய்யா?”

“நான் மாப்பிள்ளையாச் சொல்லல. அவளக் கட்டிக்கிடணும்னு சொல்லல. கடன் வாங்காதீங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். அவ படிக்கட்டும். வீட்ட அடமானம் வைக்காம என்ன படிக்க முடியுமோ அதப் படிக்கட்டும். என்னிய நெனச்சு அவள நிறுத்திறாதீங்க.”

பீடி சுற்றும் கை, சும்மா இருக்கத் தெரியாத கை, செல்போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றியது கேட்டது. “எங்கயும் பாத்து வச்சிருக்கியோ?” என்றாள். இல்லை என்றான். அதை அவள் நம்பவில்லை என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. “சரிய்யா. நீ பெரிய எடம். வைக்கேன்.” மருமவனே என்று சொல்லவில்லை. அவள் அப்படிக் கூப்பிடாமல் பேச்சை முடித்தது அவன் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

வெயில் சாய்ந்து நிழற்குடைக்குள் வந்தது, முழங்காலில் விழுந்தது. நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை. நூறு கிளாஸ் துடைத்த மாதிரி தோள் வலித்தது. இனி அப்பாவிடம் போகும், அம்மாவிடம் போகும், நாப்பது இருபத்துநாலான கதை தெருவில் தெரியும், சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று அம்மா ஒருவாரம் வாசலுக்கு வர மாட்டாள். பங்குனி உத்திரத்துக்கு அந்த முன்னறைக்குள் எப்படி நுழைவது. இளநீர்க்காரர் வெட்டிய கூடுகளை ஒரு மூலைக்குக் காலால் தள்ளிக்கொண்டே, “இன்னா தம்பி, ஊட்ல எதுனா பிரச்சினையா?” என்றார். இவன் பழக்கத்தில் சிரித்தான், சிரித்துவிட்டு, ஆமாண்ணே என்றான். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

செல்போன் ஒருமுறை நடுங்கியது. அத்தையின் எண்ணிலிருந்து எழுத்து வந்திருந்தது. அத்தைக்கு எழுதத் தெரியாது. ‘அம்மா பத்திரத்த மறுபடியும் பொட்டியில வச்சுட்டா. அழுதுக்கிட்டு இருக்கா, சரியாயிருவா. திருநெல்வேலில பேக்கரிக்கு ஒரு வருசப் படிப்பு இருக்கு, பீடிக் காசுலயே கட்டிரலாம், கடன் வேண்டாம். அதுல சேரலாமா? நீங்க சொன்னத நானும் கேட்டேன். ரொம்ப நன்றி அண்ணே.’

அவன் அதைப் படித்தான். திரும்பப் படிக்கும்போது கடைசிச் சொல்லுக்கு முன்னாலேயே கண்ணை நிறுத்திப் பார்த்தான், நிறுத்தினாலும் அது அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷம் எந்தப் பெயரும் சொல்லாமல் காற்றோடு பேசியவள், முதல் தடவையாகக் கூப்பிட்டிருக்கிறாள். அத்தைமகள் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கப்புறம் ஊர் பேச ஒன்றுமில்லை, அத்தை வந்து கேட்கவும் ஒன்றுமில்லை, அவள் தன் கையாலேயே கதவைச் சாத்தி, தன்னையும் காப்பாற்றிக்கொண்டு, அவன் சொன்ன ‘இல்லை’யையும் காப்பாற்றிவிட்டாள். கெட்டிக்காரி. நல்ல படிப்பு படிப்பாள்.

‘சேரு’ என்று எழுதினான். அதோடு அனுப்பியிருக்கலாம், மொட்டையாக, அவள் இத்தனை நாள் பேசியது போலவே. விரல் அங்கேயே நின்றது. ஒரு பஸ் வந்து, மெதுவாகி, போயிற்று. ‘சேரு தங்கச்சி’ என்று எழுதி அனுப்பினான். அவள் படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான், பிரேக் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது.